டென்னிஸ் ஆட ஆசையா? ஷூ, ராக்கெட், டி-ஷர்ட்... ஆண்கள் எதை முதலில் வாங்க வேண்டும்?

2025 ஜூன் 8. பிரெஞ்சு ஓபன் ஆண்கள் இறுதிப் போட்டி 5 மணி 29 நிமிடங்கள் நீடித்தது. முதல் இரண்டு செட்டையும் இழந்து, நான்காவது செட்டில் மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட்டுகளைத் தாண்டி வந்து, யானிக் சின்னரை வீழ்த்தினார் கார்லோஸ் அல்கராஸ். அப்படி ஓர் ஆட்டத்தைப் பார்த்து முடித்த கையோடு, 'நாமளும் ஆடிப் பார்த்தா என்ன?' என்று தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஷாப்பிங் ஆப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது டி-ஷர்ட். அடுத்து, பிடித்த வீரர் கையில் இருக்கும் அதே ராக்கெட். ஷூவா? 'அதான் ரன்னிங் ஷூ இருக்கே, போதாதா?' என்று அந்தப் பேச்சு முடிந்துவிடும். ஒரு மாதம் கழித்து கணுக்காலில் கிரேப் பேண்டேஜ், முழங்கையில் ஸ்ப்ரே, அலமாரிக்கு மேலே ராக்கெட்.

வாங்கும் வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டால் பணமும் மிஞ்சும், கணுக்காலும் தப்பிக்கும். முதலில் ஷூ, பிறகு ராக்கெட், அதோடு சேர்த்து நரம்பு, கடைசியாகத்தான் துணிமணி.

ரன்னிங் ஷூ ஏன் கூடாது?

ஓடுபவரின் கால் முன்னோக்கி மட்டும்தான் போகிறது. அதற்கேற்றபடி ரன்னிங் ஷூவின் குதிகாலுக்குக் கீழே தடிமனான, மெத்தென்ற ஃபோம் இருக்கும். மேல்பகுதி காற்றோட்டமான மெல்லிய வலை. எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதால், பக்கவாட்டில் காலைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது.

டென்னிஸில் கதை வேறு. வலப்பக்கம் நாலு எட்டு ஓட வேண்டும், சட்டென்று நிற்க வேண்டும், உடனே இடப்பக்கம் திரும்ப வேண்டும். நிற்கும் அந்த நொடியில் உடம்பின் மொத்த எடையும் பாதத்தின் வெளி ஓரத்தில் இறங்குகிறது. உயரமான, மெத்தென்ற ஷூவாக இருந்தால் அந்த ஓரம் அமுங்கி, பாதம் ஷூவுக்கு வெளியே சரிந்து, கணுக்கால் உள்பக்கமாக மடங்கிவிடும். 'கால் பிசகிடுச்சு' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் இழுபட்டால், வாரக்கணக்கில் மாடிப்படி ஏறுவதே சிரமம்.

டென்னிஸ் ஷூவின் அடிப்பாகம் தரையோடு ஒட்டியும் அகலமாகவும் இருக்கும். பக்கச்சுவர் கெட்டியாக இருக்கும். சர்வ் போடும்போது பின்கால் தரையில் உரசுமே, அதற்காகப் பெருவிரல் பக்கம் கூடுதலாக ரப்பர் ஒட்டியிருப்பார்கள். கையில் எடுத்தால் ரன்னிங் ஷூவை விட கனமாகத்தான் தெரியும். கடையில் 'என்னங்க இவ்வளவு வெயிட்டா இருக்கு' என்று திருப்பி வைத்துவிடுபவர்கள் உண்டு. இந்த ஷூவின் வேலையே அந்தக் கனத்தில்தான் இருக்கிறது.

'என்கிட்ட பேட்மின்டன் ஷூ இருக்கு, அதுவும் நான்-மார்க்கிங்தானே?' என்பது அடுத்த கேள்வி. பழைய மகாபலிபுரம் சாலை பக்கம் ஐ.டி. வேலையில் இருப்பவர்களில் பலருக்கு டென்னிஸுக்கு முன்பே உள்ளரங்க பேட்மின்டன் பழக்கம் இருக்கிறது. பேட்மின்டன் ஷூவுக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் உண்டு. அந்த வகையில் ரன்னிங் ஷூவை விட எவ்வளவோ மேல். ஆனால் அதன் அடிப்பாகம் மரத்தரைக்கும் சிந்தெடிக் மேட்டுக்கும் செய்யப்பட்ட மிருதுவான கம் ரப்பர். சிமென்ட் அல்லது தார்த் தளத்தின்மேல் அக்ரிலிக் பூசிய வெளிப்புற ஹார்டு கோர்ட்டில் அது அழிரப்பர் மாதிரி தேயும். முதல் இரண்டு மூன்று வகுப்புக்கு அதைப் போட்டுக்கொண்டு போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

எந்தத் தரையில் ஆடப்போகிறோம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஷூ வாங்கப் போக வேண்டும். சென்னை நுங்கம்பாக்கம் ஸ்டேடியம் ஹார்டு கோர்ட். ஊர்ப்பக்கம் சில பழைய கிளப்புகளில் இன்றைக்கும் மண் தரை உண்டு. மண் தரைக்கான ஷூவின் அடியில் மீன்முள் போல நெருக்கமான வரிகள் முழுக்க ஓடும். பிடியும் கிடைக்கும், மண்ணும் அடைக்காது. ஹார்டு கோர்ட் ஷூவில் வரிகள் குறைவு, ரப்பர் தடிமன் அதிகம். இரண்டிலும் ஆடுபவர் 'ஆல் கோர்ட்' என்று போட்டிருப்பதை எடுக்கலாம். சில நிறுவனங்கள் ஹார்டு கோர்ட் ஷூவின் அடிப்பாகத்துக்கு 6 மாத உத்தரவாதம் தருகின்றன. அது இங்கே வாங்கும் ஜோடிக்கும் செல்லுமா என்று பில் போடும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

அளவு பார்க்க மாலை நேரம்தான் சரி. நாள் முழுக்க உட்கார்ந்தோ நடந்தோ பாதம் சற்று வீங்கியிருக்கும். ஆடும்போதும் அப்படித்தான் இருக்கும். ஆடும்போது போடுகிற அதே தடிமனான சாக்ஸைப் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். விரல் நுனிக்கும் ஷூ நுனிக்கும் நடுவே கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பெருவிரல் முன்னால் போய் இடித்து, சில வாரங்களில் நகம் கறுத்துவிடும். நம்மூரில் அகலமான பாதம் உள்ளவர்கள் அதிகம். அவர்கள் நீளத்தில் ஒரு சைஸ் கூட்டி வாங்குவதற்குப் பதிலாக 'வைட்' என்று குறித்திருக்கும் ஜோடியைத் தேடுவதே சரி.

ஓர் எச்சரிக்கை: 'டென்னிஸ் ஷூ' என்று பெயர் இருப்பதெல்லாம் டென்னிஸ் ஷூ அல்ல. அடிடாஸின் 'ஸ்டான் ஸ்மித்', 1972இல் விம்பிள்டன் வென்ற அமெரிக்க வீரரின் பெயரைத் தாங்கியது; அந்தக் காலத்தில் நிஜமாகவே கோர்ட்டில் ஆடப்பட்டது. இன்றைக்கு அது ஜீன்ஸுக்குப் பொருத்தமான அழகான ஷூ. அவ்வளவுதான்.

ராக்கெட்டின் ஜாதகம்

ராக்கெட்டின் சட்டத்தில் பொடி எழுத்தில் சில எண்கள் இருக்கும். 100, 300, 16x19, எல்2... ஜாதகக் கட்டம் மாதிரி பார்த்தவுடன் தலை சுற்றும். புரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வதில் எது உண்மை, எது வியாபாரம் என்று பிரித்துவிடலாம்.

முதல் எண், தலையின் பரப்பு. சதுர அங்குலத்தில் இருக்கும். மர ராக்கெட் காலத்தில் இது 65 அளவில்தான். 1960, 1961 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் விம்பிள்டன் அரையிறுதி வரை போன நம்ம ராமநாதன் கிருஷ்ணன், அந்தச் சின்ன வட்டத்துக்குள்தான் பந்தை வாங்கி ஆடினார். இன்றைக்கு 95 முதல் 98 வரை தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு, 100 பெரும்பாலோருக்கு, 105க்கு மேல் பந்து நடுவில் படாவிட்டாலும் மன்னித்துவிடும் வகை. தலை பெரிதானால் பந்து நன்றாகப் படும் இடமும் பெரிதாகிறது. விசையும் சற்றுக் கூடும். சிறிதானால் எங்கே அனுப்ப நினைக்கிறோமோ அங்கே துல்லியமாக அனுப்பலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் நடுவில் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

'பெரிய தலை கத்துக்குட்டிக்குத்தான்' என்று நினைப்பவர்கள் ரோஜர் ஃபெடரர் கதையைக் கேட்க வேண்டும். பல ஆண்டுகள் 90 சதுர அங்குல ராக்கெட்டோடு ஆடியவர் அவர். 17 கிராண்ட் ஸ்லாம் வென்ற பிறகு, 2014இல் 97க்கு மாறினார். 2017இல், 35 வயதில், காயத்துக்குப் பிந்தைய ஓய்விலிருந்து திரும்பிவந்து அந்தப் பெரிய தலையோடுதான் ஆஸ்திரேலிய ஓபனை வென்றார். ஃபெடரருக்கே கூச்சம் இல்லை என்றால், சனி, ஞாயிறு ஆடுபவருக்கு 100 வாங்குவதில் என்ன கௌரவக் குறைச்சல்?

அடுத்தது எடை. ஆண்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 'ஜிம்ல 60 கிலோ தூக்குறேன், 320 கிராம் எனக்கு ஒரு வெயிட்டா?' என்கிற வீறாப்பு. ஒரு முறை வீசுவதற்கு அது பாரமே இல்லைதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான முறை, கையை நீட்டி, தாமதமாக வந்த பந்தை எட்டிப் பிடித்து வீச வேண்டும். அப்போது வேலை செய்வது நெஞ்சுத் தசை அல்ல. முன்கையில் இருக்கும் மெல்லிய தசைகள்தான். அவை ஏற்கெனவே ஒன்பது மணி நேரம் மவுஸ் பிடித்துக் களைத்திருக்கும்.

அதற்காக இருப்பதிலேயே லேசானதை வாங்குவதும் தப்பு. எதிரில் வரும் பந்தின் வேகத்தைத் தாங்க ராக்கெட்டுக்குக் கொஞ்சமாவது சொந்தக் கனம் வேண்டும். 250 கிராமுக்கும் கீழே போனால், அடிக்கும்போது ராக்கெட் பின்னால் தள்ளப்படும். அந்த அதிர்ச்சியைக் கைதான் வாங்க வேண்டும். புதிதாகத் தொடங்கும், சராசரி உடல்வாகுள்ள ஆணுக்கு நரம்பு இல்லாமல் 275 முதல் 300 கிராம் வரை சரியாக இருக்கும். 100 சதுர அங்குலம், 300 கிராம், 16x19 என்கிற கூட்டணி பாபொலாட், யோனெக்ஸ், ஹெட், வில்சன் என எல்லா நிறுவனத்திடமும் இருக்கிறது. முதல் வருடத்துக்கு அதே வரிசையின் 'லைட்' அல்லது 'டீம்' வகை போதும். பேட்மின்டனில் இருந்து வருபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அந்த மட்டை 100 கிராம்கூட இருக்காது. அங்கே மணிக்கட்டைச் சுண்டி அடித்தது போல இங்கே அடித்தால் மணிக்கட்டு தாங்காது.

16x19 என்பது நெடுக்கில் 16, குறுக்கில் 19 நரம்பு. இடைவெளி அதிகம் என்பதால் பந்தைச் சுழற்றிவிட வசதி. 18x20 நெருக்கமானது, பந்து கட்டுப்பாட்டில் இருக்கும், நரம்பும் கூடுதல் நாள் உழைக்கும். நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பெரியவர்களுக்கான ராக்கெட் எல்லாமே ஏறக்குறைய 27 அங்குலம்தான். விதிப்படி 29 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

அட்டையில் அச்சிடாத ஓர் எண்ணும் உண்டு. சட்டத்தின் விறைப்பைக் குறிக்கும் 'ஆர்.ஏ.' மதிப்பு. நிறுவனத்தின் இணையதளத்திலோ விமர்சனங்களிலோ கிடைக்கும். 70ஐத் தொட்டால் விறைப்பான ராக்கெட். பந்து பறக்கும், அதிர்வும் கைக்கு வரும். 65க்குக் கீழே இருந்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். முப்பதைத் தாண்டியவர்கள் இந்த எண்ணைப் பார்க்காமல் ராக்கெட் வாங்கவே கூடாது.

சரி, விலை? சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பவை பெரும்பாலும் அலுமினியம். முழு கிராஃபைட், பெரிய பிராண்ட் என்று போனால் பத்தாயிரத்தைத் தாண்டும். டென்னிஸ் பிடிக்குமா, பிடிக்காதா என்றே தெரியாத முதல் ஒன்றிரண்டு மாதங்களுக்கு அலுமினியம் தப்பில்லை. தொடர்ந்து ஆடுவோம் என்று உறுதியான பிறகு அதை விட்டுவிட வேண்டும்; அதிர்வை அப்படியே கைக்குக் கடத்திவிடும். இன்னொரு விஷயம்: தொழில்முறை வீரர் கையில் இருப்பதும் கடையில் அதே நிறத்தில் தொங்குவதும் எப்போதும் ஒன்றல்ல. பலர் பழைய மாடல் சட்டத்தில், தங்களுக்கேற்ப எடை கூட்டி, புது மாடலின் பெயின்ட்டை மட்டும் அடித்துக்கொள்கிறார்கள். ஆகவே 'இது அவர் ஆடுற ராக்கெட்டு சார்' என்றால் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

பிடி சரியா?

எல்1, எல்2, எல்3 என்பவை கைப்பிடியின் சுற்றளவு. எல்2 என்றால் நாலேகால் அங்குலம். எல்3 அதைவிட அரைக்கால் அங்குலம் அதிகம். ஆண்களில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டில் ஒன்று பொருந்திவிடும். சோதித்துப் பார்ப்பது எளிது. வழக்கம்போலப் பிடித்ததும் விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைச் சதைக்கும் நடுவே இடைவெளி தெரியும். மறுகையின் ஆள்காட்டி விரல் அதில் சரியாக நுழைந்தால் பொருத்தம். நுழையவே இடமில்லை என்றால் பிடி சிறிது; விரல் போன பிறகும் இடம் மிச்சம் இருந்தால் பெரிது.

இரண்டுக்கும் நடுவில் குழப்பம் என்றால் சிறியதை எடுக்கலாம். மேலே ஓவர்கிரிப் சுற்றினால் கொஞ்சம் பருமனாகிவிடும். பெரிய பிடியைச் செதுக்கிச் சிறிதாக்குவதுதான் கஷ்டம். ரொம்பச் சிறிய பிடியும் ஆபத்து. ராக்கெட் கைக்குள் சுழன்றுவிடாமல் இருக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஆடுவோம். அந்த இறுக்கம் முழங்கையில் போய் முடியும்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு தொல்லை வியர்வை. பத்து நிமிடத்தில் கை வழுக்க ஆரம்பிக்கும். தொட்டால் ஒட்டுகிற 'டாக்கி' வகை ஓவர்கிரிப் கடையில் தொட்டுப் பார்க்க சுகமாக இருக்கும், ஆனால் ஈரம் பட்டால் சோப்பு. வியர்வையை உறிஞ்சும் 'டிரை' வகைதான் சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் சரி. ஒரு பட்டையை மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளாமல், அழுக்கேறியதும் மாற்றிவிட வேண்டும். மொத்தச் செலவில் இதுதான் மலிவு.

'கட்டிங்' என்ன போடறது?

நரம்பு கட்டுவதற்கு விளையாட்டுச் சாமான் கடைகளில் 'கட்டிங்' என்றுதான் பெயர். (சென்னையில் இந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் உண்டு, அது இந்தக் கட்டுரையில் வராது.) ஒரு காலத்தில் நரம்பு மாட்டுக் குடலில் இருந்து தயாரானது, 'கட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் குடல் என்றுதான் பொருள். இன்றைக்கும் அது 'நேச்சுரல் கட்' என்ற பெயரில் கிடைக்கிறது. கைக்கு மிகவும் இதமானது, விலையும் மிக அதிகம், ஈரப்பதம் ஆகாது. கடலோர ஊர்களில் அதை வாங்குவது காசைக் கரைக்கிற வேலை.

மீதி மூன்று வகை. சிந்தெடிக் கட் எனப்படும் நைலான், விலை குறைவு, எல்லாவற்றிலும் சுமார். மல்டிஃபிலமென்ட், நுண்ணிய இழைகள் பலவற்றைச் சேர்த்து முறுக்கியது, மென்மையானது. மூன்றாவது பாலியெஸ்டர். 1997இல் தரவரிசையில் 66வது இடத்தில் இருந்த பிரேசிலின் குஸ்தாவோ குயெர்ட்டன், யாரும் எதிர்பார்க்காமல் பிரெஞ்சு ஓபனை வென்றார். அவருடைய ராக்கெட்டில் இருந்தது லக்ஸிலான் நிறுவனத்தின் பாலியெஸ்டர் நரம்பு. அதற்குப் பிறகு தொழில்முறை டென்னிஸே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. முழு வேகத்தில் வீசினாலும் பந்து சுழன்று கோட்டுக்குள் விழுகிறது என்பதே காரணம்.

அந்த 'முழு வேகத்தில்' என்ற சொல்தான் முக்கியம். பாலியெஸ்டர் விறைப்பானது. அதை வளைக்கிற அளவுக்கு வேகமாக வீசினால்தான் பலன். இல்லையென்றால் மரக்கட்டையால் அடிப்பது போலத்தான். போதாக்குறைக்கு, அறுந்து போவதற்கு வெகு முன்பே அதன் இழுவிசை செத்துவிடும். தொழில்முறை வீரர் ஒரே ஆட்டத்தில் பல ராக்கெட்டுகளை மாற்றிக்கொள்கிறார். இங்கே ஒருவர் 'இன்னும் அறுந்து போகலையே' என்று அதே நரம்போடு எட்டு மாதம் ஆடுகிறார்.

விளைவு, டென்னிஸ் எல்போ. முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் வந்து ஒட்டும் தசைநார் மீண்டும் மீண்டும் சிதைவதால் வரும் வலி இது. 30 முதல் 50 வயதுக்குள் அதிகம் வருகிறது. பெயர்தான் டென்னிஸ், டென்னிஸே ஆடாதவர்களுக்குத்தான் அதிகமாக வருகிறது. ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பவர், பெயின்டர், நாள் முழுக்க மவுஸ் பிடிப்பவர் என யாருக்கும் வரலாம். காபி டம்ளரைத் தூக்கினால் சுரீர் என்கும், கதவின் குமிழைத் திருக முடியாது, கீபோர்டில் கை வைக்க யோசிக்க வேண்டியிருக்கும். குணமாக மாதக்கணக்கில் ஆகலாம். லேப்டாப்பில் சம்பாதிக்கிறவருக்கு இது பொழுதுபோக்கில் வந்த சின்னக் காயம் அல்ல, பிழைப்பில் கை வைக்கும் விஷயம்.

தப்பான பேக்ஹேண்ட் முதல் காரணம். அதைச் சரி செய்ய கோச்சால்தான் முடியும். விறைப்பான சட்டம், விறைப்பான நரம்பு, அதிக இறுக்கம், சிறிய பிடி என்ற நான்கையும் வாங்குபவரே தவிர்த்துவிடலாம். புதிதாக ஆடுபவர் சிந்தெடிக் கட் அல்லது மல்டிஃபிலமென்ட், 50 முதல் 55 பவுண்டு இறுக்கம் என்று கேட்டு வாங்கினால் போதும். இறுக்கம் குறைந்தால் பந்து சுலபமாகப் பறக்கும், கைக்கும் இதம். கூடினால் கட்டுப்பாடு கிடைக்கும், கை வலிக்கும். வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறோமோ, வருடத்துக்கு அத்தனை முறை நரம்பு மாற்ற வேண்டும் என்பது டென்னிஸ் வட்டாரத்தில் பல காலமாக இருக்கும் கணக்கு. பாலியெஸ்டர் கட்டியிருந்தால் அதைவிடச் சீக்கிரம்.

நரம்பில் செருகும் அந்தச் சின்ன ரப்பர் துண்டு, டேம்பனர்? அடிக்கும்போது வரும் 'டிங்' சத்தத்தை 'டப்' என்று மாற்றும். காதுக்கு இனிமை. முழங்கையைக் காப்பாற்றும் என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். சட்டத்தின் அதிர்வை அது பெரிதாகக் குறைப்பதில்லை. செருகுவதானால் குறுக்கு நரம்புகளுக்குக் கீழே, வெளியில்தான் செருக வேண்டும் என்பது விதி.

துணியில் என்ன இருக்கிறது?

நூறு வருடத்துக்கு முன்பு ஆண்கள் நீளமான வெள்ளை ஃப்ளானல் பேன்ட்டும் முழுக்கை சட்டையும் போட்டுக்கொண்டுதான் டென்னிஸ் ஆடினார்கள். 1920களில் பிரெஞ்சு வீரர் ரெனே லக்கோஸ்ட், கையை மடித்துவிட்டு அவஸ்தைப்படுவதற்குப் பதிலாக, காற்று புகும் பின்னலில் அரைக்கை காலர் பனியன் தைத்துப் போட்டுக்கொண்டார். 1933இல் அதை விற்க நிறுவனமே தொடங்கினார். இன்று ஆபீஸில் வெள்ளிக்கிழமைதோறும் பலர் போட்டு வரும் போலோ டி-ஷர்ட், டென்னிஸ் கோர்ட்டில் வியர்வைக்குப் பயந்து பிறந்ததுதான்.

அந்த டி-ஷர்ட் பருத்தி. இன்று கோர்ட்டில் பருத்தி ஏன் காணோம்? பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் ஊரில் அது காயவும் காயாது. அரை மணி நேரத்தில் நனைந்த கோணிப்பை போல உடம்பில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் இழை தண்ணீரைக் குடிக்காது. வியர்வையைத் துணியின் பரப்பில் பரப்பிவிட்டு ஆவியாகச் செய்யும். அதில் சிறிது எலாஸ்டேன் கலந்திருந்தால் சர்வ் போடக் கையைத் தூக்கும்போது தோளில் இழுக்காது. கோவை, ஓசூர் போன்ற வறண்ட காலைகளில் மணிக்கணக்கில் ஆடாதவருக்குப் பருத்தி கலந்த துணியே போதும்.

பாலியெஸ்டருக்கும் குறை உண்டு. நாற்றம். வியர்வையின் எண்ணெய்ப் பிசுக்கு அந்த இழையை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆடி முடித்ததும் பைக்குள் சுருட்டி வைக்காமல் உடனே அலச வேண்டும். துணியை மிருதுவாக்கும் கண்டிஷனரை ஊற்றவே கூடாது. அது இழையின்மேல் படலமாகப் படிந்து, வியர்வை பரவும் வேலையையே கெடுத்துவிடும்.

'டிரை-ஃபிட்' என்பது நைக்கி நிறுவனத்தின் வணிகப் பெயர். ஆனால் நம்மூரில் நடைபாதைக் கடையில் தொங்கும் எந்த வழவழப்பான டி-ஷர்ட்டுக்கும் அதே பெயர்தான். அதில் தப்பில்லை. விலையுயர்ந்த லோகோவுக்கும் திருப்பூரில் தைத்த பெயரில்லாத டி-ஷர்ட்டுக்கும் சனி, ஞாயிறு ஆடுபவர் உணரக்கூடிய வித்தியாசம் குறைவு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் நுண்ணிய துளைகள் தெரிகிறதா, அக்குள் தையல் தட்டையாக இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்தால் போதும். ஷூவுக்குச் செலவழிக்க வேண்டிய பணத்தை இங்கே கொட்ட வேண்டியதில்லை.

ஷார்ட்ஸில் பாக்கெட்தான் விஷயம். முதல் சர்வ் தவறினால் இரண்டாவது பந்து உடனே கைக்கு வர வேண்டும். ஓடும்போது அது கீழே விழவும் கூடாது. ஆழமான பாக்கெட் இல்லாத ஜிம் ஷார்ட்ஸும் ரன்னிங் ஷார்ட்ஸும் இதில் தோற்றுவிடும். தொடை உரசிப் புண்ணாகிறவர்கள் உள்ளே இறுக்கமான கம்ப்ரஷன் ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளலாம். மருந்துக் கடையில் கூச்சப்பட்டுக் கேட்கிற பவுடரை விட அது நல்ல தீர்வு.

வெள்ளைதான் போட வேண்டுமா? விம்பிள்டனில் கட்டாயம், ஓரப் பட்டைகூட ஒரு சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. மற்ற இடங்களில் அப்படி இல்லை. ஆனால் சில பழைய கிளப்புகளில் காலர் இல்லாத டி-ஷர்ட்டுக்கும், கோடு போடுகிற ஷூவுக்கும் அனுமதி கிடையாது. சேரும் முன்பே கேட்டுக்கொண்டால் வாசலில் நிற்க வேண்டியதில்லை. வெயிலில் ஆடுபவருக்கு வெளிர் நிறம் நல்லது என்பது தாத்தா காலத்து அறிவு. இன்றைக்கும் அதுதான் சரி. தொப்பி, மணிக்கட்டுப் பட்டை, பெரிய தண்ணீர் பாட்டில் ஆகியவற்றுக்கு ஆராய்ச்சி தேவையில்லை.

பந்தையும் பார்க்கணும்

தமிழ்நாட்டில் 'டென்னிஸ் பால்' என்றாலே கிரிக்கெட் ஞாபகம்தான் வரும். தெருக் கிரிக்கெட்டுக்கு விற்கும் கனமான பந்தை டென்னிஸ் கோர்ட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அதன் கனம் கையைப் பதம் பார்த்துவிடும். ஆட்டத்துக்கான பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம். மூடிய டப்பாவில் காற்றழுத்தத்தோடு வரும்; திறக்கும்போது 'புஸ்' என்று சத்தம் வர வேண்டும். திறந்த சில வாரங்களில் துள்ளல் குறைந்துவிடும். சுவரில் அடித்துப் பழக, அழுத்தமில்லாத 'பிரஷர்லெஸ்' பந்து நீண்ட நாள் வரும். முதல் மாதத்தில் பச்சைப் புள்ளி போட்ட பந்தில் பழகலாம். சாதாரணப் பந்தைவிட ஏறக்குறைய 25 சதவீதம் மெதுவானது. 'அது சின்னப் பசங்க பால்' என்று வெட்கப்படுபவர்கள்தான் வேலிக்கு வெளியே அதிகம் பந்து பொறுக்குகிறார்கள்.

பாதி விலைக்குக் கிடைத்தால்?

இருபதாயிரம் ரூபாய் ராக்கெட் எட்டாயிரத்துக்கு என்று விளம்பரம் வந்தால், அது போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அச்சும் பெயின்ட்டும் கச்சிதமாக இருக்கும், ஆனால் எடை காட்டிக்கொடுக்கும். சட்டத்தில் 300 கிராம் என்று போட்டிருந்தால், நரம்போடு சேர்த்து 315 முதல் 320 கிராம் வரை வர வேண்டும். ஓவர்கிரிப் சுற்றியிருந்தால் இன்னொரு ஐந்து கிராம். சமையலறைத் தராசே போதும். பெரிய வித்தியாசம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

உண்மையிலேயே மலிவாக வாங்க விரும்புபவர்களுக்குப் பழைய ராக்கெட்தான் வழி. ஆர்வக் கோளாறில் வாங்கி ஆறு மாதத்தில் விட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கிளப் வாட்ஸ்அப் குழுவில் கேட்டாலே கிடைக்கும். கடிகாரத்தில் 10 மணி, 2 மணி இருக்கும் இடங்களில் விரலை ஓட்டி விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரையில் உரசிப் பெயின்ட் போயிருந்தால் பரவாயில்லை. நகம் மாட்டுகிற மாதிரி கோடு இருந்தால் வேண்டவே வேண்டாம். நரம்பு நுழையும் பிளாஸ்டிக் குழாய்கள் உடைந்திருந்தால் மாற்றுப் பாகம் கிடைக்குமா என்று கட்டிங் போடுபவரிடம் கேட்டுவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். வாங்கியதும் பழைய நரம்பை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். அது எத்தனை மாதமாக வெயிலில் நின்ற காருக்குள் கிடந்ததோ, யாருக்குத் தெரியும்?

இதையெல்லாம் வாங்கும் முன்பே ஒரு வேலை செய்யலாம். பெரும்பாலான கோச்சுகளிடம் புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்க மூன்று நான்கு ராக்கெட்டுகள் இருக்கும். முதல் மூன்று நான்கு வாரம், ஒவ்வொரு வகுப்பிலும் வேறு வேறு எடையில் கேட்டு வாங்கி ஆடி, எந்த ராக்கெட் ஆடிய மறுநாள் காலையில் முழங்கை வலிக்கவில்லை என்று போனில் குறித்துக்கொண்டால், கடைக்குப் போகும்போது கேட்க வேண்டிய எண்கள் கையில் இருக்கும். அதுவரை காலுக்கு நல்ல ஷூ மட்டும் சொந்தமாக இருந்தால் போதும்.